தூசி அசையாத ப

அவர் யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசியதில்லை. வாயைப் பார்த்துத்தான் பேசுவார்.

நாரணாபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையைக் கேட்டு வந்த அன்று, அந்த அம்மா வாசலில் நின்று என் உதட்டையே உற்றுப் பார்த்தார். காலையில் தின்ற கீரை பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல என்று நாக்கால் துழாவினேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடி பார்த்துவிட்டு வந்தேன். கீரை இல்லை. அப்படியானால் எதைப் பார்க்கிறார்? எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எனக்குக் கவலை பிடிக்க இவ்வளவெல்லாம் தேவையே இல்லை.

"பம்பரம்னு சொல்லுங்க, அண்ணாச்சி" என்றார்.

"எதுக்கும்மா?"

"சும்மா சொல்லுங்க."

"பம்பரம்."

"தொண்டையில வெரல வச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரனின் தொண்டையைப் பற்றி எதற்குப் பேசுகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எனக்குப் பின்னால் நின்ற என் மனைவி விரலை வைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, மொதோ ப-வுக்குத் தொண்ட சும்மா கெடக்கு. ரெண்டாவது ப-வுக்கு அதிருது!"

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பாடியும் காட்டிவிட்டது போல ஒரு சந்தோஷம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பாட்டுக்கு மாடி ஏறிவிட்டார். நான் இன்னும் சரி என்று சொல்லவே இல்லை.

இதெல்லாம் நடந்து பத்து வருடம் இருக்கும். ஊரில் எல்லோரும் அவரை டீச்சர் என்றோம். "நான் யாருக்கும் எதையும் சொல்லிக் குடுக்கலையே, உங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டுல்ல இருக்கேன்" என்று முதல் மாதம் முழுக்க மறுத்தார். பிறகு அவருக்கே அலுத்துவிட்டது. எந்த ஊர்க்காரர் என்று கடைசிவரை தெரியவில்லை. பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், வந்த இரண்டாவது வாரமே "சாப்பிட்டீகளா, இருக்கீகளா" என்று ஆரம்பித்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. ஏதோ ஒரு கல்லூரியில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். காரணம் கேட்டால், "கல்லுல எழுத்து கெடச்சிருச்சு அண்ணாச்சி. வாய்தான் கெடைக்கல. அதத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்பார்.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குப் புரிந்த அளவில் அவருடைய வேலை இதுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் பாறையில் 'ப' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எப்படிச் சொன்னார்கள்? வாயிலிருந்து காற்று புஸ்ஸென்று வந்ததா, வராமலா? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பழைய மொழியில் காற்றோடு வரும் ப-வுக்கு ஒரு எழுத்து, காற்றில்லாத ப-வுக்கு வேறு எழுத்தாம். இந்தப் பக்கத்துத் திப்பிலிச் சரக்கின் பெயரைக் கேட்டு எழுதும்போது அவர்கள் காற்றில்லாத எழுத்தைத்தான் போட்டார்களாம். இதைச் சொல்லும்போது அந்தக் கப்பல்காரன் மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற மாதிரி குரலைத் தாழ்த்துவார். க, ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. ஆனால் அவருக்குப் பிரியம் ப-வின் மேல்தான். "ப-வுக்கு மட்டும் எல்லாம் வெளியில தெரியும். ஒளிச்சு வைக்க எடமே இல்ல" என்பார்.

தமிழ் படித்தவர் என்று தெரிந்ததும் தெருவே அவர் முன்னால் வாயைக் கோணிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் பழம் எல்லாம் பளம், கிழவி எல்லாம் கிளவி. திருத்திவிடுவாரோ என்று பயந்து, அவரைக் கண்டதும் நாக்கை மடித்து மடித்து "வாளைப்ப... வாழைப்பழ்ழ்ழம்" என்று திண்டாடுவார்கள். அவர் கையைக் காட்டித் தடுத்துவிடுவார்.

"பழமோ பளமோ, எப்படியும் போகட்டும். அந்த ப-வ இன்னொரு தடவ சொல்லுங்க."

ஒருநாள் குழாயடியில் குடத்துக்காக இரண்டு பெண்களுக்குள் பெரிய சண்டை. ஒருத்தி இன்னொருத்தியைக் கழுதையில் ஆரம்பித்துப் பன்றி வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் திட்டியவள் வாய்க்கு நேராக நின்றார்.

"கழுதைன்னு சொன்னீகள்ல? அத மெதுவா, மொத எழுத்த மட்டும் ஒரு தடவ சொல்லுங்க."

"க" என்றாள் அவள் திகைத்துப்போய்.

"பன்னி?"

"ப."

"ரொம்ப சுத்தம்" என்று பாராட்டிவிட்டு வந்துவிட்டார். முதல் எழுத்தை மட்டும் தனியாகச் சொன்ன பிறகு மீதியைச் சேர்த்துத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. திட்டு வாங்கியவள் முதலில் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே குடத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

இதோடு இருந்திருந்தால் எனக்கு எந்த வம்பும் இல்லை. அவர் மெழுகுவர்த்தி வைத்திருந்தார்.

ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் காவல் எனக்கு வேலை. உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாங்கித் தட்டில் போட்டுவிட்டுத்தான் விடுவேன். பீடி குடிக்காத நான் என் சட்டைப் பையையே காலையில் மூன்று தடவை தடவிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டு மாடியில் ஒருவர் மெழுகுவர்த்தியை ஏற்றி, அதற்கு ஒரு சாண் தள்ளி உதட்டை வைத்து "ப, ப, ப" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுடர் சாய்ந்தால் காற்று வருகிறது. சாயாவிட்டால் வரவில்லை. இதுதான் சோதனை.

"டீச்சரம்மா, நெருப்பு வேணாம்" என்பேன்.

"நெருப்பில்ல அண்ணாச்சி, சாட்சி."

"சாட்சி கவுந்துருச்சுன்னா?"

"கவுந்தா ப தப்புன்னு அர்த்தம்."

என் மனைவி அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் வேலை பார்த்தாள். மாலையில் குளித்துவிட்டுச் சேலை மாற்றித்தான் வீட்டுக்கு வருவாள். இருந்தாலும் அவள் முடியில், நகக்கண்ணில் ஒரு பொட்டு மருந்து இருந்துவிட்டால்? அவளை மெழுகுவர்த்தி முன்னால் உட்கார வைத்திருக்கும்போதெல்லாம் நான் மாடிப்படியில் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்பேன். என்னையும் சொல்லச் சொல்லி அவர் கூப்பிடுவார். வாளியை வைத்துவிட்டு இறங்கி ஓடிவிடுவேன்.

என் மனைவி ப சொன்னால் சுடர் அசையவே இல்லை. அவளோடு வேலை பார்க்கும் இன்னும் ஐந்து பெண்களை அழைத்துவந்தாள். அவர்கள் சொல்லியும் அசையவில்லை. படம் வரைந்து ஒட்டியதுபோல நின்றது சுடர். டீச்சர் அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"பதினோரு வருசமா தேடுன வாய், மதினி. ஆறும் உங்க தெருவுலயே இருந்திருக்கு."

"வாய் மூடுது, உள்ள காத்து நிக்குது, அப்பறம் தொறக்குதுன்னு சொல்றீகள்ல டீச்சர்" என்று என் மனைவி அவருக்கு மோர் கொடுத்தபடி கேட்டாள். "அந்த மூடுன நேரத்துல சத்தமே இல்லையே. திரி உள்ள போயிருச்சு, இன்னும் வெடிக்கல, அந்த நேரம் மாதிரில்ல இருக்கு?"

டீச்சர் மோரை வைத்துவிட்டு நோட்டைத் தேடி ஓடினார். அவருடைய நோட்டில் என் மனைவி சொன்னது மட்டும் நாலு பக்கம் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருந்து ரூமில் காற்று விட்டுப் பேசக் கூடாது. வெள்ளி மாதிரி மின்னுகிற அந்தப் பொடி, மூச்சுப் பட்டாலே எழும்பும். வாயில் துணி கட்டச் சொல்வார்கள். வேர்வையில் அது எப்போதும் கழுத்துக்கு இறங்கிவிடும். அதனால் புதிதாக வருகிறவளுக்கு முதல் மாதமே, உதடு அசையாமல், காற்று வராமல் பேசப் பழக்கிவிடுவார்கள். சிரிப்பதுகூட மூக்கோடு நின்றுவிடும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தோம். வெளியூர்க்காரர் எங்கள் ஊருக்கு எதற்கு வருவார்? பட்டாசு வேலையைப் பார்க்கத்தானே? இவர் மருந்து ரூம் பேச்சைப் பார்க்க வந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை.

அப்போதுதான் புரொபசர் வருகிறார் என்று செய்தி வந்தது. டீச்சரின் ஆராய்ச்சியைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல வேண்டிய பெரிய மனிதர் அவர்தான். பழைய ப காற்றோடுதான் வந்திருக்கும் என்பது அவர் கட்சி. "அவர் ஒத்துக்கிட்டா புத்தகம். ஒத்துக்கலன்னா பதினோரு வருசமும் உருகுன மெழுகுதான்" என்றார் டீச்சர். சொல்லும்போது சிரித்தார். கை மட்டும் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தது.

அவருக்கு அந்தக் கவலை. எனக்கு வேறு கவலை. புரொபசர் வந்தால் ஆறு பெண்களும் வருவார்கள், பார்க்கத் தெருவே வரும், நடுவில் மெழுகுவர்த்தி எரியும். முதல் நாள் சனிக்கிழமை, வீட்டில் இருந்த தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்தேன். முக்குக் கடைக்குப் போய் அங்கிருந்ததையும் மொத்தமாக வாங்கினேன். வாங்கிய பிறகுதான் இத்தனை தீப்பெட்டியை வீட்டில் வைப்பது அதைவிட ஆபத்து என்று உறைத்தது. குளியலறை வாளித் தண்ணீரில் அத்தனையையும் முக்கிவிட்டேன். அடுப்புப் பற்ற வைக்கும் லைட்டரை இடுப்பில் செருகிக்கொண்டேன். தெருவில் வீடு வீடாகப் போய், "டீச்சர் தீப்பெட்டி கேட்டா இல்லைன்னு சொல்லிருங்க, நம்ம நல்லதுக்குத்தான்" என்றும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் புரொபசர் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி. கீழ் அறையில் நாற்காலி போட்டோம். ஆறு பெண்களும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பூ வைத்து வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். டீச்சர் மெழுகுவர்த்தியை நட்டுவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டார். இல்லை. எதிர்வீட்டில் கேட்டார்.

"தீப்பெட்டியா? நம்ம வீட்டுல அந்தப் பழக்கமே இல்லையே டீச்சர்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தீப்பெட்டிக் கம்பெனியில் இருபது வருடம் அடுக்கிக் கட்டியவள்.

நாட்டுக்கே தீக்குச்சி அனுப்புகிற பக்கத்தில் ஒரு குச்சி கிடைக்காமல் டீச்சர் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார். வேர்த்துவிட்டது. முகம் கழுவக் குளியலறைக்குப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் என் வாயைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.  ஊறி உப்பிய ஒரு தீப்பெட்டியை எல்லோர் முன்னாலும் மேஜையில் மெழுகுவர்த்தியின் பக்கத்தில் வைத்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நெருப்பு வேண்டாம் சார்" என்றார். "அதைவிட நல்ல சாட்சி இருக்கு. மதினி, உங்க முகப்பவுடர எடுத்துட்டு வாங்க."

பழைய காலண்டர் அட்டை ஒன்றின் கறுப்புப் பக்கத்தில் பவுடரை மெல்லிசாகத் தூவினார். தட்டு ஏந்திப் பழகிய கை என்று அதைப் பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். என் மனைவி அட்டைக்கு நேராகக் குனிந்து "பம்பரம்" என்றாள். ஒரு துகள் அசையவில்லை. ஆறு பேரும் சொன்னார்கள். பம்பரம், பானை, பட்டாசு, பருப்பு. தூவிய பவுடர் தூவியபடியே கிடந்தது.

"நீங்களும் ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார் டீச்சர், ரொம்பப் பணிவாக.

புரொபசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பழந்தமிழ்" என்றார். நாளெல்லாம் இங்கிலீஷ் பேசுகிற வாய் போலிருக்கிறது. அட்டையில் இருந்தது முழுக்க எதிரே நின்ற என் முகத்துக்கு வந்துவிட்டது. புருவம், மீசை எல்லாம் வெள்ளை. பெண்கள் சிரித்தார்கள், மருந்து ரூம் சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

புரொபசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆச்சரியமாகத்தான் இருக்கிறது" என்று பேனாவைத் திறந்தார். டீச்சர் அந்தப் பேனா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, பெரிய மனிதர் முன்னால் எங்கள் பெண்களின் அருமை தெரியாமல் போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

"இவுகள சாதாரணமா நெனைக்காதீக சார்" என்றேன் முகத்தைத் துடைத்தபடி. "எல்லாம் மருந்து ரூம் ஆளுக. அங்க காத்து விட்டுப் பேசுனா பொடி பறந்துரும்ல?"

"மொத மாசம் முழுக்க இதத்தான் பழக்குவாக" என்று என் மனைவி பெருமையாக எடுத்துக் கொடுத்தாள். "நான்லாம் பதினஞ்சு நாள்லயே பழகிட்டேன்."

புரொபசர் பேனாவை மூடினார். மூடிய சத்தம் கேட்டது.

"அப்படியென்றால் இது மொழி இல்லை அம்மா. தொழில்."

டீச்சர் உதடு மூடியபடி நின்றார். நான் அந்த உதட்டைப் பார்த்தேன். பதினோரு வருடமும் அந்த மூடிய உதட்டுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கிற அளவுக்கு நேரம்.

பிறகு அவர் வெடித்தார். சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வர வர. "ஆறு பேரையும் ஒரே ரூம்ல இருந்து பொறுக்கிருக்கேன் சார்! ஒருத்தர்கிட்டயும் என்ன வேல பாக்கீகன்னு கேக்கல. வாயவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்!"

சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க மருந்து ரூமுல வேல பாத்திருக்கீகளா?"

"அந்தப் பக்கம் போனதே இல்லம்மா. வாசலோட சரி."

"உங்கள நான் சோதிச்சதே இல்ல. மெழுகுவர்த்தியப் பாத்தா ஓடிருவீக." டப்பாவை எடுத்து அட்டையில் புதிதாகப் பவுடர் தூவினார். "சொல்லுங்க."

செய்த பாவத்துக்கு வேறு என்ன செய்ய முடியும்? குனிந்து, "பம்பரம்" என்றேன். அசையவில்லை. "பானை." அசையவில்லை. "பட்டாசு. பருப்பு. பயம்." ஒரு துகள், ஒரே ஒரு துகள், ம்ஹூம். புரொபசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் கை மறுபடியும் பேனாவுக்குப் போயிற்று.

"சார், இவர நம்பாதீக" என்றாள் என் மனைவி. "இவரு பயத்துல மூச்சே விடமாட்டாரு. தாலி கட்டும்போது மூக்குல கை வச்சுப் பாத்தவ நான்."

அவ்வளவுதான். ஆறு பெண்களும் பழக்கம் எல்லாம் மறந்து வாய்விட்டுச் சிரித்ததில் பவுடர் பறந்து புரொபசரின் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "நூறு பேர் வேண்டும். ஒரே ஊராக இருக்கக் கூடாது. மருந்து அறை வேண்டாம்." என்னைப் பார்த்தார். "இவரும் வேண்டாம்."

அடுத்த மாதமே டீச்சர் கிளம்பிவிட்டார். நூறு வாய் தேட வேண்டுமே. கிளம்புகிற அன்று கம்பெனி வாசலுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், வழக்கம்போல் தட்டை நீட்டினேன். கைப்பையிலிருந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். வெயிலில் காயவைத்திருந்தார்.

"கெடுத்துட்டேன்ல டீச்சரம்மா?" என்றேன்.

"நீங்க சொல்லலன்னா தப்பான புத்தகம் ஒண்ணு வந்திருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத எழுதும்போது எவ்வளவு நல்லா இருந்திருக்கும் தெரியுமா?" என்றார். அந்த ஒரு தடவைதான் என் கண்ணைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அந்தத் தீப்பெட்டியை உரசிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. உள்ளே எனக்குப் புரியாத குறிகள், கோடுகள். முன்பக்கத்தில் புரொபசரே பாராட்டி எழுதியிருந்தார். என் மனைவி கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். பேசியவர்கள் பட்டியல், பெயர் இல்லாமல், ஊரும் வேலையும் மட்டும். ஒவ்வொன்றாகப் படித்து வந்தவள் கடைசி எண்ணில் நின்றாள்.

"நூறு. நாரணாபுரம். ஆண். வாயிற்காவலர். மருந்து அறைக்குள் போனதில்லை. பட்டியலில் மிகச் சுத்தமான ப."

புரொபசர் வேண்டாம் என்று சொன்ன ஆளைக் கடைசியில் செருகிவிட்டார்! என் மனைவி சிரித்துச் சிரித்துத் தெரு முழுக்க அதைக் காட்டிவிட்டு வந்தாள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் தப்புச் செய்தேன். அவள் வெளியே போயிருந்தபோது காலண்டர் அட்டையை எடுத்துப் பவுடரைத் தூவி, கதவைச் சாத்திக்கொண்டு, நிம்மதியாக, யாருக்கும் பயப்படாமல் "பம்பரம்" என்றேன்.

பவுடர் பறந்துவிட்டது.

மறுபடியும் தூவி, "பானை" என்றேன். பறந்தது. ஒருவேளை சிரித்துக்கொண்டே சொன்னதாலா? டப்பாவில் இருந்தது தீரும்வரை சொல்லிப் பார்த்தேன். புதுப் பவுடர் வாங்கி வைத்துவிட்டேன். அதனால் அவளுக்குத் தெரியாது. புத்தகம் வந்த தபால் உறையில் டீச்சரின் விலாசம் இருக்கிறது. எழுதிச் சொல்லிவிடலாமா, வேண்டாமா? ஒரு தடவை உண்மையைச் சொல்லி அவரைக் கெடுத்தவன். மூன்று வருடமாக இதே கவலைதான். இதை நினைக்கும்போது மட்டும் இப்போதும் மூச்சு நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் சொல்லிப் பார்த்தால் ப சரியாகத்தான் வருகிறது.